கதாநாயகிக்கு என்ன வயது?

காதல் நாவல் எழுத நினைப்பவர்களுக்கு இன்றைக்கு யோசனைப் பஞ்சமே இல்லை. இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது. கல்லூரியில் பிரிந்தவர்கள் பதினைந்து வருடம் கழித்து ஒரே அலுவலகத்தில் சந்திப்பது, பகையாளி வீட்டுப் பிள்ளைகள், ஊருக்காகப் பொய்யாக நிச்சயம் செய்துகொண்டு நிஜமாகவே காதலில் விழுவது. எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான். இரண்டு பேர் சேர வேண்டும், நடுவில் ஒரு தடை வேண்டும். தடை எது என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கதை வந்த மாதிரி.

இதில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த இரண்டு பேரும் வயது வந்தவர்களாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும், எப்போதாவது தனியாக நாலு வார்த்தை பேச வழி இருக்க வேண்டும். தமிழில் முதல் நாவல் அச்சில் வந்தது 1879-ல். அன்றைக்கு நாவல் எழுதவும் வாங்கிப் படிக்கவும் கூடிய வீடுகளில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். பிராமண வீடுகளில் பெண் பெரியவளாவதற்கு முன்பே தாலி ஏறியிருக்கும். மற்ற உயர்சாதி வீடுகளிலும் பெரிதாக வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க, காதல் கதை எழுத உட்கார்ந்தவர் யாரை வைத்து எழுதியிருப்பார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் பழைய நாவல்களைப் படித்து வருகிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'கதாநாயகியின் வயது என்ன, கல்யாணம் எப்போது' என்று குறிப்பு எடுப்பது வழக்கமாகிவிட்டது. சாஃப்ட்வேர் ஆள் என்பதால் வந்த புத்தி. எங்கள் தொழிலில் முதலில் கட்டுப்பாடு என்ன என்று பார்ப்போம், மிச்சமிருக்கும் இடத்தில்தான் வடிவமைப்பு. அந்த நாவலாசிரியர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கட்டுப்பாடு. 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனைவியே ஆனாலும் 10 வயதுக்குக் குறைந்தவளோடு உறவுகொள்வது குற்றம் என்றது. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வயது வரம்பே கிடையாது. கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற பத்துப் பதினோரு வயதுச் சிறுமி கணவனால் இறந்துபோனாள். 1890-ல் வழக்கு நடந்தபோது, அவள் பத்தைத் தாண்டிவிட்டாள் என்பதால் பெரிய குற்றத்தில் அவனைத் தண்டிக்க முடியவில்லை, சின்னக் குற்றத்துக்குத்தான் தண்டனை. அதன் பிறகு 1891-ல் அந்த 10 வயது 12 ஆயிற்று. அதற்கே 'மதத்தில் கை வைக்கிறான் வெள்ளைக்காரன்' என்று நாடு முழுக்கக் கூட்டம் போட்டார்கள். 1897-ல் பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 14, செல்லம்மாவுக்கு 7. பிற்காலத்தில் காதலைப் பற்றி அவ்வளவு பாடிய மனுஷனின் கல்யாணமே இப்படி.

இனி முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு வருவோம். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். அதனால் காதல் நாவல் என்று இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பிரதாபனும் ஞானாம்பாளும் ஒருவரை ஒருவர் நினைத்து உருகுவது நிஜமான உருக்கம். இவர்களுக்குக் காதலிக்க இடம் எப்படிக் கிடைத்தது? உறவுக்காரக் குழந்தைகள், ஒரே வாத்தியாரிடம் சேர்ந்து படித்தவர்கள். யாரும் தப்பாக நினைக்காத வயதில் பழகிவிட்டார்கள். இதுதான் வேதநாயகம் கண்டுபிடித்த முதல் சந்து. தடைக்கும் அவர் வெளியே போகவில்லை. கல்யாணத்துக்குப் பின் தம்பதி எந்த வீட்டில் இருப்பது, பெண் வீட்டிலா பிள்ளை வீட்டிலா என்று இரண்டு குடும்பமும் முறுக்கிக்கொள்கிறது. நம் ஊரில் இன்றைக்கும் நடக்கிற சண்டை.

கல்யாணம் ஆனபிறகு அவர் செய்வது இன்னும் சுவாரஸ்யம். தம்பதியைப் பிரித்துவிடுகிறார். காணாமல்போன கணவனைத் தேடி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் கிளம்புகிறாள். பட்டத்து யானை அவளுக்கு மாலை போட, விக்கிரமபுரிக்கு ராஜாவாகிவிடுகிறாள். பாட்டி கதை மாதிரி இருக்கிறது என்று விமர்சகர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் தெருவில் தனியாக நடக்க வேண்டும், நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும் என்றால், 1879-ல் அவளுக்கு ஆண் உடுப்பு போடுவதைத் தவிர எழுத்தாளனுக்கு வேறு என்ன வழி இருந்தது? பெண்களின் கல்விக்காகப் பெண்மதி மாலை எழுதிய மனிதர் அவர். கெட்டிக்காரப் பெண்ணைக் காட்டியே ஆக வேண்டும், வீட்டுக்குள் வைத்துக் காட்ட முடியாது. யானையைக் கூப்பிட்டுவிட்டார்.

பத்து வருடம் கழித்து, மலையைத் தாண்டி மலபாரில் இன்னொரு முன்சீப். சந்து மேனோன். ஆங்கில நாவல் பைத்தியம். டிஸ்ரேலியின் 'ஹென்ரியட்டா டெம்பிள்' என்ற காதல் நாவலை மலையாளத்தில் மொழிபெயர்க்கப் பார்த்தார், சரிப்படவில்லை, சொந்தமாகவே எழுதிவிட்டார். அதுதான் 1889-ல் வந்த இந்துலேகா. அதில் கதாநாயகி வயது வந்த பெண். ஆங்கிலமும் சங்கீதமும் தெரிந்தவள், காதலனை அவளே தேர்ந்தெடுக்கிறாள், சம்பந்தம் பேச வந்த நம்பூதிரியை விரட்டுகிறாள். இப்படி ஒரு பெண் இருப்பாளா என்று அப்போதே கேட்டார்கள். ஆனால் நாயர் மருமக்கத்தாயக் குடும்பம் என்பதால் அவள் வயது வந்து, துணை இல்லாமல், தாய்வீட்டில் இருப்பது நம்பும்படி இருந்தது. மாதவனும் அவளும் ஒரே வீட்டுச் சூழலில் பேசிப் பழகுவதும் இயல்பு. அதே மெட்ராஸ் மாகாணம், அதே முன்சீப் உத்தியோகம், அதே ஆங்கில நாவல் படிப்பு. குடும்ப முறை ஒன்று மாறியதும் கதை எங்கேயோ போய்விட்டது. வேதநாயகத்தைவிட சந்து மேனோனுக்குக் கற்பனை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு யானை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் மொழியில் களவு, கற்பு என்று காதலுக்கு இலக்கணமே இருந்ததே, கல்யாணத்துக்கு முந்தைய காதலைத்தானே அகப்பாடல்கள் அத்தனை விதமாகப் பாடின என்று நீங்கள் கேட்கலாம். தினைப்புனம், தோழி, இரவுக்குறி, அலர், உடன்போக்கு. ஒரு காதல் நாவலுக்கு வேண்டிய சரக்கு மொத்தமும் அங்கே இருக்கிறது. ஆனால் ஏட்டில் இருந்தது. கலித்தொகை அச்சானது 1887-ல். குறுந்தொகையும் நற்றிணையும் அச்சேறியது 1915-ல்தான். வேதநாயகம் 1889-ல் காலமாகிவிட்டார். தமிழ் நாவலின் முதல் தலைமுறை தன் தாத்தா சொத்து எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமலே ரெயினால்ட்ஸையும் ஸ்காட்டையும் படித்துக்கொண்டிருந்தது. பிற்பாடு ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் ரெயினால்ட்ஸ் கதைகளையே தமிழ்ப் பெயர் மாட்டி இறக்கினார்கள். விறுவிறுப்பு இருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தவர் வத்தலக்குண்டு ராஜம் ஐயர். கமலாம்பாள் சரித்திரம் 1893-லிருந்து 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 21 வயது. 26 வயதில் இறந்துபோனார். நடுவில் 'பிரபுத்த பாரத' பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் வேறு. இந்தப் பையன் யோசித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் காதலுக்கு இடம் இல்லையா, சரி, பின்னால் வைத்துக்கொள்கிறேன் என்று விட்டார். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் நடு வயதுத் தம்பதி. அவர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதும் கொஞ்சிக்கொள்வதும் தமிழ் வசனத்தில் அதற்கு முன் இல்லாத ஒன்று. இன்னொரு பக்கம் சின்ன வயதில் கல்யாணமான லக்ஷ்மியும் ஸ்ரீநிவாசனும். ஊர் கூடி முடித்துவைத்த ஜோடி, தாங்களாகவே மெல்ல ஒருவர்மேல் ஒருவர் பிரியம் வைக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்துவிட்ட காதலுக்குத் தடை எங்கிருந்து வரும்? அப்பா அம்மா தடுக்க முடியாது, அவர்கள்தான் செய்துவைத்தார்கள். சாதி தடுக்காது. மிச்சமிருப்பது ஒன்றுதான், சந்தேகம். புத்தகத்தின் இன்னொரு தலைப்பே 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. கமலாம்பாள்மேல் ஊர்வாய் ஒரு பழி போடுகிறது, முத்துஸ்வாமி ஐயர் அதை நம்பி உடைந்துபோகிறார். 1898-ல் மாதவையா எழுதிய பத்மாவதி சரித்திரத்திலும் நாராயணன் தன் மனைவியைச் சந்தேகிக்கிறான். இது தற்செயல் இல்லை. எழுதியவர்கள் எல்லாம் ஆண்கள், கதாநாயகி எல்லாம் மனைவி, அப்படியானால் கதையின் முடிச்சு அவளுடைய நடத்தையில்தான் விழும். தமிழ் சினிமாவில் கணவன் மனைவியைச் சந்தேகிக்கும் கதை இத்தனை வருடம் ஓடியதற்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த வீடுகளில் வயது வந்த, கணவன் இல்லாத பெண்கள் இருக்கவே இல்லையா? இருந்தார்கள். தலையை மழித்துக்கொண்டு, சமையலறையில். ஏழு வயதில் தாலி கட்டி ஒன்பதில் அறுத்தவள் இருபது வயதில் அந்த வீட்டிலேயேதான் இருப்பாள். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆக, காதல் நாவலுக்கு வேண்டிய கதாநாயகி சட்டப்படி தயாராகப் பக்கத்து அறையில் இருந்தாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் பந்துலு 1881-ல் முதல் விதவைத் திருமணத்தை நடத்தினார். 'இந்து' பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயர் 13 வயதில் விதவையாகிவிட்ட தன் மகளுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். மெட்ராஸில் சொந்த சாதியார் அவரை ஒதுக்கினார்கள். தமிழ் நாவலில் அது நடக்க இன்னும் காலம் பிடித்தது. மாதவையாவின் முத்துமீனாட்சி புத்தகமாக வந்தது 1903-ல், ஒரு விதவை தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி. அதற்கு மூலமான சாவித்திரி சரித்திரம் 1892-ல் விவேக சிந்தாமணியில் தொடங்கி, பாதியில் நின்றது. சட்டத்துக்கும் நாவலுக்கும் நடுவே 47 வருடம்.

மாதவையாவை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். உப்பு இலாகா உத்தியோகஸ்தர், திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்துக்காரர், பாளையங்கோட்டையில் படித்தவர். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இவருடைய மகன்தான். பாளையங்கோட்டையில் ஒரு பழைய சின்னத் தேவாலயம் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். கட்டியவர் கிளாரிந்தா என்ற தஞ்சாவூர் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தவர். ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் கேட்டார். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்று அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் எழுதப்பட்ட 40 பேரில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. 1785-ல் தேவாலயம் எழுந்தது. கிடைக்கும் செய்தி ஏறக்குறைய இவ்வளவுதான். லிட்டில்டன் அவரை உடன்கட்டையிலிருந்து காப்பாற்றினார் என்பது செவிவழிக் கதை.

1915-ல் மாதவையா இதை 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் சரித்திர நாவலாக எழுதினார். செவிவழிக் கதையை விடவில்லை, சிதையிலிருந்து காப்பாற்றும் காட்சியை வைத்துத்தான் காதலைக் கட்டினார். யோசித்துப் பாருங்கள். பிராமணர், சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர், ஒரு பிராமண விதவை வெள்ளைக்காரனைக் காதலித்து, பிறகு மதம் மாறிய கதையைப் பழிக்காமல் எழுதுகிறார். அதைத் தமிழில் எழுதாமல் ஆங்கிலத்தில் ஏன் எழுதினார்? முத்துமீனாட்சியின் மறுமணத்தையே தமிழில் துணிந்து சொன்னவருக்கு பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயது வந்த இரண்டு பேர், கல்யாணம் ஆகாமல், மனமொத்துச் சேர்ந்து வாழ்கிற கதை அவருக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது, அதுவும் நூற்று முப்பது வருடம் பின்னுக்குப் போனால்தான் வந்தது. அதே 1915-ல்தான் குறுந்தொகை அச்சாகிறது. களவு என்றால் என்ன என்று தமிழ் வாசகன் படிக்கக் கிடைத்த வருடம்.

பாரதியும் இந்தச் சந்துக்குள் நுழைந்தார். அவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த சந்திரிகையின் கதையில் விசாலாட்சி என்ற இளம் விதவை தனக்குக் கணவன் தேடி மெட்ராஸுக்கு வருகிறாள். அவள் போய்ப் பார்ப்பது யாரை தெரியுமா? வீரேசலிங்கம் பந்துலுவையும் ஜி. சுப்பிரமணிய ஐயரையும். கற்பனைக் கதைக்குள் நிஜ மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்க விதவையே நேரில் கிளம்பினாள் என்றால் வாசகர் நம்பமாட்டார், ஊரறிந்த இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்தினால் நம்புவார் என்று பாரதி நினைத்திருக்கலாம். 1921-ல் அவர் இறந்ததால் கதை பாதியில் நின்றுவிட்டது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வயலில் நட்டு அறுத்த பெண்களின் வீடுகளில் கல்யாணம் இவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. பல சாதிகளில் அறுத்துக்கட்டுவது சகஜம். ஆணும் பெண்ணும் ஒரே வரப்பில் வேலை பார்த்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். இந்த எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய காதல் கொல்லைப்புறத்துக்கு அந்தப்பக்கம் தாராளமாக இருந்தது. அங்கே அவர்கள் பார்க்கவில்லை. பார்த்த இடத்திலும் அந்தப் பெண் வேலைக்காரி அல்லது வேடிக்கைப் பாத்திரம்.

கடைசிச் சந்து, சரித்திரம். வங்காளத்தில் பங்கிம் சந்திரர் 1865-லேயே துர்கேசநந்தினியில் மொகலாயர் காலத்துக்குப் போய்க் காதல் செய்தார். தமிழில் இதைப் பெரிய அளவில் செய்தவர் கல்கி. 1937-ல் விகடனில் எழுதிய கள்வனின் காதலி நிகழ்காலத்துக் கதை. அதில் கல்யாணி காதலித்தவனை விட்டுக் கிழவருக்கு வாழ்க்கைப்பட வேண்டியிருந்தது. 1941-ல் பார்த்திபன் கனவில் பல்லவர் காலத்துக்குப் போனார், பிரச்சினை மறைந்துவிட்டது. காஞ்சித் தெருவில் சங்கிலியோடு இழுத்துச் செல்லப்படும் விக்கிரமனைப் பல்லக்கிலிருந்து குந்தவி பார்க்கிறாள். இந்தப் பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு வாசகர்கூடக் கேட்க மாட்டார். ஏழாம் நூற்றாண்டு இளவரசி என்றால் எல்லாம் சரி. சிவகாமியின் சபதத்தில் இன்னும் ஒரு படி. சிவகாமி நாட்டியக்காரி. 1944-லிருந்து தொடர் வந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் மெட்ராஸில் 1947-ல் வந்தது. பழைய நாவல்களில் ஜமீன்தாரை மயக்கிக் கெடுக்க மட்டுமே வந்துபோன ஆடல்காரி, பல்லவர் காலத்துக்குப் போனதும் வாசகர்கள் உருகும் கதாநாயகி ஆகிவிட்டாள்.

இதற்குள் சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. மீறினவர்கள் ஏராளம். என்றாலும் பத்திரிகைக் கதைகளில் பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் கல்யாணமாகாத பெண் தலைகாட்ட ஆரம்பித்தாள். பிறகு கல்லூரி, டைப்ரைட்டிங், பஸ் ஸ்டாண்ட். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதையில் இன்னும் ஒருவர் பாக்கி. வை.மு. கோதைநாயகி, 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில், 1907-ல் கல்யாணம். கணவர் பார்த்தசாரதியும் சிறுவன்தான். பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. கணவர் நாடகங்களுக்குக் கூட்டிப்போனார். பார்த்துவிட்டு வந்து தானே ஒரு நாடகத்தை மனதில் கட்டி, தோழி பட்டம்மாளை உட்காரவைத்துச் சொல்லி எழுத வைத்தார். அது இந்திரமோகனா. பிறகு எழுதப் பழகிக்கொண்டு, 1925-லிருந்து ஜகன்மோகினியை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். காதலும் துப்பறிதலும் கலந்த கதைகள் அவற்றில் நிறைய. அதுவரை ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களை வைத்துத் தேடிக்கொண்டிருந்த விஷயத்தை, அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருத்தி கையில் எடுத்துக்கொண்டார்.

காதல் நாவலுக்கு யோசனை தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், திருவல்லிக்கேணியில் அந்த இரண்டு குழந்தைகள் தம்பதியான கதையைக் கொஞ்சம் பாருங்கள். எழுதத் தெரியாத பெண்டாட்டி, அவளை நாடகம் பார்க்கக் கூட்டிப்போகிற புருஷன், நடுவில் பட்டம்மாள் கையில் பேனா. நான் தேடிய வரையில் அதை நாவலாக எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை.